சாமியைக் கீழே இறக்கினோம்

பதுளையில் என் தையல் கடைக்கு வரும் பெண்களில் சிலர், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டே, "அந்தக் காலத்துல தோட்டம் எவ்வளவு நல்லா இருந்துச்சிங்க" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறும். அந்தக் காலத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு, லயம் என்போம், அது முழுவதுக்கும் இரண்டே கக்கூஸ். காலையில் வேலைக்குச் சங்கு ஊதுவதற்குள் வரிசையில் நின்று முடித்தாக வேண்டும். மழை பெய்தால் வீட்டில் இருக்கிற சட்டி பானையெல்லாம் சமையலுக்கு இல்லை, ஒழுக்குக்கு. அந்தக் காலம் வேண்டுமென்றால் அந்த வரிசையில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து சொல்லுங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அதற்காகவே இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. எனக்கும் ஓர் ஏக்கம் உண்டு. பீலித் தண்ணீர்.

எங்கள் தோட்டம் பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகிற பாதையில் ஓரிடத்தில் இறங்கி, கால் வலிக்க நடந்தால் வரும். பெயர் சொல்லப் போவதில்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூங்கில், பிறகு இரும்பு. இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், திறக்கவும் மூடவும் எதுவும் கிடையாது. அதைத்தான் பீலி என்போம். ஜூலை, ஆகஸ்டில் வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காற்றில்தான் எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது என்று துரைமார் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்கு உதடு வெடிக்கும். அப்போதும் பீலி நின்றதில்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, குழாய்க்கு நேரே கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். என் அம்மா நிற்கும்போது, "அப்பாடா" என்று ஒரு சத்தம் வரும். அம்மாவை நினைத்தால் எனக்கு அவள் முகம் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வருகிறது.

பீலியடியில் ஒரு கல் கிடந்தது. சின்னப் பூசணிக்காய் அளவு, மேல்பக்கம் தட்டை. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அதில் மஞ்சள் உரசிப் பூசிக் குளிப்பார்கள். எத்தனையோ பேர் உரசி உரசி நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. என் தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா அந்தக் கல்லின் மேல்தான் உட்கார வைப்பாள். எழுந்திருக்கும்போது அவன் பின்பக்கம் மஞ்சளாக இருக்கும். லயமே சிரிக்கும். அவன் அழுவான். அவனுக்குத் தலை நரைத்த பிறகும் நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லயத்துக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில், ஒரு மடிப்பு. அதில் மட்டும் மரங்கள். காட்டு நாவல், மூங்கில், பெரணி, பெயர் தெரியாத கொடிகள். நடுவில் ஊற்று. ஊற்றுக்குப் பக்கத்தில் மூன்று கற்கள். அதுதான் எங்கள் ஊத்துசாமி. என்ன சாமி, முனியா மாடனா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஊத்துசாமி" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் வாயை மூடு என்பார்கள். முகப்பில் நின்ற பெரிய நாவல் மரத்துக்கு அப்பால் செருப்புப் போகக் கூடாது, கத்தி போகக் கூடாது. விறகுக்கு ஒரு சுள்ளி எடுக்கக் கூடாது.

தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். கவ்வாத்து என்று பெயர். கவ்வாத்துக்காரர்கள் அந்தப் பக்கம் வெட்டி வரும்போது, சாமி இருக்கும் மடிப்புக்கு ஒரு வரிசை முன்னாலேயே கத்தியை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கடைசி வரிசையை யாருமே தொட்டதில்லை. தேயிலை என்றால் இடுப்பளவுச் செடி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன், விட்டுவிட்டால் அது மரமாகும். எங்கள் கடைசி வரிசை மரமாக நின்றது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கீழே உதிர்ந்து கிடக்கும். நானும் தம்பியும் அந்தப் பூவைப் பொறுக்கி நூலில் கோத்து விளையாடியிருக்கிறோம். துரைமார் மாறினார்கள், கம்பெனி மாறியது, அந்த ஒரு வரிசை மட்டும் மாறவில்லை. தண்ணீரைக் காப்பாற்றுகிறோம், காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. கத்தி வைத்தால் கண் அவிந்துபோகும் என்று பயந்தார்கள். அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் நான் பதுளைக்கு வந்தேன். ஒரு தமிழ்க் குடும்பத்தின் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றேன். பிறகு தையல் கற்று, ஒரு மிஷின் வாங்கி, அப்புறம் இந்தக் கடை. தோட்டமும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் கொழும்புக்குப் போய் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார்கள். பாதைக்குக் கொங்கிரீட் போட்டார்கள். லயத்தைச் சுற்றியிருந்த துண்டு நிலங்களில் லீக்ஸ், கோவா, பீன்ஸ் என்று காய்கறி போட்டார்கள். பண்டாரவளைச் சந்தைக்கு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு புது டீவி, ஒரு புது கேஸ் அடுப்பு. அம்மா புகையில் இருமாமல் சோறு ஆக்குவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னேற்றத்தை நக்கல் செய்யும் ஆட்கள் யாரும் ஈர விறகை ஊதிப் பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

அம்மாவின் முழங்கால் மட்டும் முன்னேறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிய கால். ஊத்துசாமிக்கு வருடத்துக்கு ஒரு முறை பொங்கல் வைப்போம். பானை, அரிசி, தேங்காய் எல்லாம் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஒரு வருடம் அம்மா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்றாள். நாங்கள் பூசை முடித்து இறங்கும்போது அதே இடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளோடு இன்னும் வயசான பெண்கள் நாலைந்து பேர். காலமெல்லாம் மலை ஏறின பெண்கள் சாமியைப் பார்க்கவும் மலை ஏற வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில்தான் கூட்டம். சாமி காரியங்களுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார், சொந்தமாக லொறி வைத்திருப்பவர். சாமியைக் கீழே கொண்டுவந்து பாதையோரத்தில் கோயில் கட்டலாமா வேண்டாமா என்று அவரே தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை.

"நம்ம புள்ளைங்க டவுன்ல டைல்ஸ் போட்ட வீட்ல இருக்கு. நாமளும் லயத்த விட்டு வெளிய வரணும்னு துடிக்கிறோம். சாமி மட்டும் காட்டுல நனைஞ்சிகிட்டே கெடக்கணுமாங்க?" என்று கேட்டேன்.

கூட்டமே கைதட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பதுளைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வசனத்தை எனக்குள்ளேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கோயில் எழும்பியது. டைல்ஸ், கம்பிக் கதவு, மூலையில் ஒரு குழாய். மூன்று கற்களையும் மேளதாளத்தோடு இறக்கினார்கள். நடுக்கல்லைத் தோளில் சுமந்து வந்தவன் என் தம்பி. அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முன்வரிசையில் உட்கார வைத்தோம். சாமிக்கு நேருக்கு நேர், கால் மடக்காமல், மூச்சு வாங்காமல். கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படிச் சிரித்தாள். அந்த முகத்தை நினைத்தால், நாங்கள் செய்தது தப்பே இல்லை என்று இன்றைக்கும் தோன்றும். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

சாமி போன பிறகு மேலே என்ன இருந்தது? மரம் இருந்தது, ஊற்று இருந்தது, பயம் இல்லை. முதலில் யாரோ ஒரு காய்ந்த கிளையை வெட்டினார்கள். கண் அவியவில்லை. பிறகு பீன்ஸ் கொடிக்கு ஊன்ற மூங்கில் வெட்டினார்கள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? காட்டு நாவல் யார் வீட்டுக் கதவாகவோ போனது. மரமாக நின்ற தேயிலை வரிசை அடுப்புக்குப் போனது.

ஊற்றைச் சுற்றியிருந்த துண்டைத் திருத்தியவன் என் தம்பி. கறுப்பு மண், எப்போதும் ஈரம். மற்றவர்களுக்குக் காய்க்காத மாதங்களில் அவனுக்குப் பீன்ஸ் காய்த்தது. ஊற்றில் ஒரு குழி தோண்டி, மோட்டர் வைத்து, கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சினான். லொறிக்காரத் தலைவரே அவன் வாசலில் வந்து நின்று காய் கேட்டார். லயத்தை விட்டு வெளியே இரண்டு அறையும் சொந்தக் கக்கூஸும் உள்ள வீடு கட்டினான். மகளைப் பண்டாரவளைக்கு டியூஷனுக்கு அனுப்பினான். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள்தான். போகும்போது அவளுக்கு ஆறு சுடிதார் நான் தைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தம்பி, "எம் புள்ளய பீன்ஸ்தாங்க படிக்க வைக்குது" என்று சொல்லிச் சிரிப்பான். அதில் பொய் ஒன்றுமில்லை.

பீலி ஒரே நாளில் நிற்கவில்லை. ஒரே நாளில் நின்றிருந்தால் நாங்களும் ஒரே நாளில் விழித்திருப்போம். முதலில் மழைக்கு மஞ்சள் தண்ணீர் வந்தது, மண் கரைகிறது என்றார்கள். பிறகு மருந்து வாடை. பிறகு வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் சொட்டியது. அம்மா இறந்த வருடம் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கடைசித் தண்ணீர் அதில்தான் பிடித்தோம், ஒரு குடம் நிறைய வெகு நேரம் ஆனது. இரண்டு வருடம் கழித்து அதுவும் இல்லை. குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

பவுசர் லொறியில் தண்ணீர் வரும் என்றார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வரும், வராமலும் இருக்கும். மற்ற நாளெல்லாம் பெண்கள் கீழே ஆற்றுக்கு இறங்கிக் கேனில் பிடித்துத் தூக்கி வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது தம்பி மனைவி கேனை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

"என்னா புள்ள, அம்மா மாதிரி உக்காந்திருக்க?" என்றேன், விளையாட்டுக்குத்தான்.

"வருசத்துக்கு ஒரு நா சாமி பாக்க ஏறுறது கஷ்டம்னு கீழ எறக்குனீங்க அண்ணி. இப்ப தெனம் ரெண்டு வாட்டி தண்ணிக்கு ஏறுறோம்" என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. இருந்ததைச் சொன்னாள். பெரட்டுக் களத்தில் கைதட்டு வாங்கிய என் வசனம் அன்றைக்குத் தம்பி வீட்டு வாசலில் எனக்கு நேரே வந்து நின்றது.

அன்றைக்கே கோயில் தலைவரிடம் போனேன். சாமியைத் திரும்ப மேலே கொண்டு போகலாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமிய சீமெந்துல வச்சி டைல்ஸ் பூசியாச்சிங்க. ஒடைச்சாதான் எடுக்கலாம். சாமிய யாரு ஒடைக்கிறது?" என்றார். சரி, மரமாவது நடலாம் என்றேன். நட்டார்கள். இரண்டு வருடத்தில் கன்றுகள் ஆள் உயரம் வந்தன. பிறகு அவை பீன்ஸ் கம்பாகப் போயின. ஆள் உயரத்தில் நேராக வளர்ந்த ஒன்றை எங்கள் ஆட்கள் வேறு என்னவாகப் பார்ப்பார்கள்?

கடைசியாகத் தம்பியிடமே கேட்டேன். அந்தத் துண்டை விட்டுவிடு, ஊற்று மூச்சு விடட்டும் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவினான்.

"சாமிய கீழ கொண்டு வரச் சொன்னது யாரு அக்கா? நீதான? சாமி போன எடம் வெறும் எடம். வெறும் எடத்துல வெள்ளாம வச்சேன். என்னா தப்பு?"

"லயமே தண்ணிக்கு அலையுதுடா. ஒம் பொண்டாட்டி காலப் பாத்தியா?"

"பாத்தேன். எம் புள்ள படிப்பு முடிய இன்னும் மூணு வருசம் இருக்கு, அதையுந்தான் பாக்குறேன். அந்தத் துண்டு இல்லன்னா அவ பாதியில வந்து இங்க கொழுந்து எடுக்கணும். அவ கால மட்டும் யாரு பாப்பா?"

நான் பிள்ளையின் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எம் புள்ளைக்கு நான் இருக்கேன் என்று எழுந்து போய்விட்டான். அவன் சொன்ன எல்லாமே உண்மையாக இருந்தது. நான் சொன்னதும் உண்மையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன்.

இனி நான் செய்தது. நியாயம் சொல்ல வரவில்லை.

ஒரு புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போனேன். எல்லோரும் கொழுந்து எடுக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து லயத்துக்குப் பின்னால் வந்தேன். பீலியடி காய்ந்து கிடந்தது. மஞ்சள் உரசும் கல் அதே இடத்தில், செடி மூடிக் கிடந்தது. பெயர்த்து எடுத்து, துணி கொண்டுவரும் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். எனக்கும் இப்போது அம்மாவின் முழங்கால்தான். நாலு இடத்தில் உட்கார்ந்தேன். நாவல் மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதைத் தாண்டிச் சில அடி போன பிறகுதான் பார்த்தேன், என் செருப்பு கட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.

ஊற்றுக் குழிக்குப் பக்கத்தில், பழைய சாமி இருந்த இடத்தில், கல்லை வைத்தேன். பதுளையிலிருந்து வாங்கி வந்த மஞ்சளை முழுக்கப் பூசினேன். குங்குமம் வைத்தேன். கடையில் மிஞ்சிய ஒரு மஞ்சள் துணித் துண்டைச் சுற்றிக் கட்டினேன். ஒரு கற்பூரம் ஏற்றினேன். பொய்க்குத்தான் வைத்தேன். ஆனாலும் சுடர் எழும்பியதும் கை தானாகக் குவிந்தது. "அம்மா, கோவிச்சுக்காத" என்று வாயில் வந்தது. சாமியிடம் சொன்னேனா அம்மாவிடம் சொன்னேனா, தெரியாது.

சுற்றிலும் பீன்ஸ் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் பறிக்கிற பதம். இதைப் பறித்துக்கொள்வான், அப்புறம் பயந்து விட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டேன். கூடப் பிறந்தவனை நான் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன்.

மறுநாளே தம்பி மனைவி போன் பண்ணினாள்.

"அண்ணி, ஊத்துல சாமி வந்துருச்சிங்க! மொதல்ல இவருதான் பாத்தாரு. ஓடியாந்து எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. தலைவரு தட்டு வச்சிக் கும்பிட்டுட்டு வந்தாரு. இனி யாரும் கத்தி கொண்டு போறதில்லன்னு பேசிட்டாங்க."

"நல்லது புள்ள."

"இவரு காயும் பறிக்க மாட்டேங்குறாருங்க. எல்லாம் முத்துது. மோட்டரக்கூட எடுக்கப் போகல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காய மட்டும் பறிச்சிக்கச் சொல்லு. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றேன்.

"சாமி சொல்லாதுன்னு நீங்க எப்படி அண்ணி சொல்றீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாள்.

அடுத்த ஒரு மாதம் என்னால் ஒரு சட்டைக் கழுத்தை ஒழுங்காகத் தைக்க முடியவில்லை. தம்பி மகளின் பல்கலைக்கழகச் சாப்பாடு அங்கே கொடியில் முற்றிக்கொண்டிருக்கிறது. அதை முற்ற வைத்தவள் நான். அவள் போனில், "அத்தே, அப்பா திரும்பவும் கவ்வாத்து வேலைக்குப் போறாராம், ஏன் அத்தே?" என்று கேட்டபோது மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். லயமே என்னைக் காறித் துப்பினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தம்பி வாசலில் உட்கார்ந்து உள்ளங்கையில் உடைந்த கொப்புளத்துக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் கழித்துக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. மேலே போய் வரலாம் வாடா என்றேன். ஒன்றும் கேட்காமல் வந்தான். எனக்காக மெதுவாக நடந்தான்.

நாவல் கட்டையருகில் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினோம். அவன் அதற்கு மேல் வரவில்லை. அங்கிருந்தே தெரிந்தது. பீன்ஸ் கொடியெல்லாம் காய்ந்து, காற்றுக்குக் கிலுகிலுவென்று சத்தம் போட்டது. குரங்கு வந்து தின்றது போக மீதி அப்படியே தொங்கியது. நடுவில் மஞ்சள் துண்டோடு கல். ஊற்றுக் குழியில், இறைக்க ஆளில்லாமல், தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது.

"தம்பி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்தக் கல்லு..."

"சொல்லாதக்கா" என்றான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லிட்டீன்னா நாளைக்கே நான் மம்பட்டியத் தூக்கிட்டு உள்ள போகணும். எம் புள்ளைக்காகப் போயே ஆகணும். சொல்லாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடமாக நான் கிண்டல் செய்த பையன். மஞ்சள் கல்லில் உட்கார்ந்து குளித்தவனுக்கு அந்தக் கல்லைத் தெரியாமல் போகும் என்று எப்படி நினைத்தேன்? நான் அவனை ஏமாற்றவில்லை. ஏமாந்தவன் மாதிரி நடந்துகொள்ள அவனுக்கு ஒரு வழி மட்டும் திறந்துவிட்டிருக்கிறேன். நான் கேட்டபோது விட முடியாததை, சாமி கேட்டதாக வைத்துக்கொண்டு விட்டிருக்கிறான்.

"புள்ளைக்கு?" என்றேன்.

"ஆத்துப் பக்கம் ஒரு துண்டு குத்தகைக்கு எடுத்திருக்கேன். கல்லு மண்ணுதான். கவ்வாத்து இருக்கு. பாத்துக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ வேணும்னா அவளுக்குத் துணி தைச்சிக் குடு. மத்தது வேணாம்" என்றான்.

இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான். பாதி வழியில், அம்மா அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்தில், நான் மூச்சு வாங்க நின்றேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"சாமி துண்டுக்கு ஓரம் நல்லாத்தான் மடிச்சி அடிச்சிருக்கு" என்றான். "ஆனா துணி மட்டம். மழைக்கு நிக்காது."

கை பழக்கம். கல்லில் சுற்றுகிற துண்டுக்கும் ஓரம் மடித்து அடித்துவிட்டுத்தான் கொண்டுபோயிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு பேரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பீலிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன மழைக்குப் பிறகு நூல் மாதிரி வருகிறது. ஒரு குடம் நிறைய நேரமாகும், ஆனால் நிறைகிறது. தம்பி மனைவி இன்னும் ஆற்றுக்குப் போகிறாள், இரண்டு வாட்டிக்குப் பதில் ஒரு வாட்டி. பெரணி திரும்ப முளைத்திருக்கிறது. இந்த முறை அந்த மலையில் கவ்வாத்து வெட்டியபோது கடைசி வரிசையை வெட்டாமல் நிறுத்தியவன் என் தம்பி என்று சொன்னார்கள். தம்பி மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறான்.

நான் வருடத்துக்கு ஒரு துண்டு தைத்துக் கொடுக்கிறேன், நல்ல கனமான துணியில். சாமிக்கு என்று சொல்லிக் கொடுப்பேன், சாமிக்கு என்று சொல்லி வாங்கிக்கொள்வான். அதற்கு மேல் நாங்கள் பேசுவதில்லை. நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் இன்னும் கேட்கவில்லை. இதை எழுதியது சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்றுதான் இதில் யார் பெயரும் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை.